மண்ணு செட்டில் ஆகிட்டிருக்காம்

மச்சான்,

இன்று காலை உங்கள் தங்கச்சி பிளேன்டீயை ஊற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். டீ வடிகட்டி பிய்ந்து கிடக்கிறது; தூள் மேலேயே மிதந்தது. கோப்பையைக் கையில் எடுத்ததும் உங்கள் குரல்தான் கேட்டது. "பொறுங்க மாப்புள, தூளு செட்டில் ஆகட்டும்." பொறுத்தேன். தூள் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய்ப் படிந்தது. தினமும் கண்ணுக்கு முன்னால் இறங்கிய தூள்தானே, அன்றைக்கு ஒருவருக்காவது உறைத்திருக்கக் கூடாதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

அப்புத்தளையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த வார்த்தை உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. விருந்தாளி பில்லைக் கட்டினால் செட்டில். நம் தோட்டத்து லய வீடுகளில் குழாயடிச் சண்டை ஓய்ந்தால் செட்டில். குடித்த கஞ்சி வயிற்றில் தங்கினால் அதுவும் செட்டில். கொழும்பில் கடை போட்டவனைக் காட்டி, "பய செட்டில் ஆயிட்டான்" என்பீர்கள். கல்யாண வயது தாண்டியும் தனியாக இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். "ஊரையெல்லாம் செட்டில் பண்றீங்க, நீங்க எப்ப மச்சான் செட்டில் ஆகப்போறீங்க?" என்று கேட்டால் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "ரூமு இன்னும் ரெடியாகல மாப்புள" என்று சிரிப்பீர்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அந்த வார்த்தைக்கு நல்ல அர்த்தம் மட்டும்தான் இருந்தது.

ஐப்பசி அடைமழையில் லயத்துக்கு மேலே தேயிலை மலையில் நிலம் வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் கையை விடலாம் போலிருந்தது. அதைப் பார்க்க ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். குடைக்குள் நின்றபடியே பார்த்தார், தோட்டத்து மேனேஜர் ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், ஏறிப் போய்விட்டார். நாங்கள் அத்தனை பேரும் மழையில் நனைந்துகொண்டு நின்றோம், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையில் விடுதிக்கு ஆள் வராததால் நீங்களும் அன்று லயத்தில்தான் இருந்தீர்கள்; விடுதியில் பழகிய இங்கிலீஷை வைத்து, அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடலாம் என்று உங்கள் தங்கச்சி மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"என்னண்ணே சொன்னாரு?" என்று ஓடிவந்து கேட்டாள்.

"'த க்ரவுண்ட் இஸ் ஸ்டில் செட்லிங்'னாரு. மண்ணு செட்டில் ஆகிட்டிருக்காம். ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிரும். மூட்டைய அவுத்துப் போடு புள்ள."

லயமே மூச்சு விட்டது. அவள் மூட்டையை அவிழ்த்தாள். அன்று ராத்திரி உங்களுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டாள். தொட்டுக்கொள்ள இடித்த மிளகாய்க் கட்டைச் சம்பல் நல்ல உறைப்பு என்று சொல்லி நீங்கள் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

மறுநாள் காலை நாங்கள் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோதுதான் மலை சரியும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் லயத்தின் ஒரு பாதியைக் காணோம். நீங்கள் படுத்திருந்த காம்பரா அறையும் அடுத்த காம்பராக்களும் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு. மழை விடாமல் பெய்ததால் தோண்டுவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் விடுதிச் சட்டை கிடைத்தது. நீங்கள் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்த தமிழ் அதிகாரி அம்மா ஒருவரிடம் அந்த வார்த்தையைக் கேட்டேன். "நிலம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார். பக்கத்தில் இருந்த உங்கள் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவன் பேச்சக் கேட்டுத்தான் இம்புட்டும்" என்று சிலர் உங்களை ஏசினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவராவது காது குடுத்துக் கேட்டாரு, சொல்ல வேண்டியவனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் எங்களைத் தமிழில் ஏச எல்லோருக்கும் தெரிகிறது, மச்சான். சாவு வருவதை மட்டும் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு தெமோதரைப் பக்கம் புது வீடு கொடுத்தார்கள். பதுளையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "என்ன, செட்டில் ஆயாச்சா?" என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன மாத மழையில் அங்கேயும் வீட்டுப் பின்பக்க மலை மண்ணில் கீறல் விட்டது. பார்க்க வந்த அதிகாரி கூட வந்தவரிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நான் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அதெல்லாம் வேணாங்க. நாங்க இருக்கவா, போகவா? அத மட்டும் தமிழ்ல சொல்லுங்க."

அவர் மேலே மலையை ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"போயிருங்க" என்றார்.

அதற்கு ஒரே அர்த்தம்தான், மச்சான். அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் இறங்கினோம். உங்கள் தங்கச்சி உங்கள் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.