பூங்காத் தூணில் கேட்ட மூன்றாம் எண்

ஐப்பசி 18, திங்கள். வெயில். இலை அசையவில்லை.

மாலை பூங்காவில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் தம்பி முருகையன், வாசலில் காவல்காரர். வேறு ஆள் கிடையாது. பிறகு எனக்கே சந்தேகம் வரக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

பூங்கா நடுவில் பழைய ரேடியோ ரூம். பக்கத்துத் தூணில் நாலு புனல் ஸ்பீக்கர். ஒரு காலத்தில் மஞ்சக்குப்பமே அங்கே கூடிச் செய்தி கேட்குமாம். மழைக்காலத்தில் குப்பத்து ஆண்கள் புயல் செய்தி கேட்ட பிறகே கடலுக்குப் போவார்களாம். இவரும் சின்ன வயசில் தன் அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டவர். இப்போது கதவில் துருப்பிடித்த பூட்டு, ஸ்பீக்கருக்குள் மைனாக் கூடு.

தூணடியில் இவர் சட்டென்று நின்றார். கையை உயர்த்தினார்.

"சும்மா இரு. செய்தி சொல்றாங்க."

படகு எஞ்சின் பட்டறையில் காதைத் தொலைத்தவர். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தால்கூடக் கேட்காது. தம்பி காதருகே கத்தினான்: "என்னா சொல்றாங்க மாமா?"

"மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்களாம். மச்சான், நீ கடலுக்குப் போவாத."

"செல்லுல பாத்துட்டேன், ஒரு மேகம் இல்ல. உள்ள பல்லிதான் மாமா செய்தி வாசிக்குது!"

சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

காவல்காரரைக் கேட்டேன். "நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து அதுக்குக் கரண்டே கெடையாதும்மா."

செலவு: பூ 20, சுண்டல் 30.

ஐப்பசி 19, செவ்வாய். வெயில்.

தம்பி போட்டை இறக்கவில்லை. போனவர்களுக்கு வலை நிறைய மத்தி. மத்தியானம் போன் செய்தான்.

"மாமனுக்குத் தூண்ல நியூஸ், மச்சானுக்கு வூட்ல லீவுன்னு கிண்டல் பண்றானுங்க அக்கா. போவட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

நாளைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று வீட்டில் இவர் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். என்ன என்று கேட்கப் பயம். அங்காளம்மா, துணை.

ஐப்பசி 20, புதன். புழுக்கம்.

காலை பஸ்ஸில் சிதம்பரம். காது டாக்டர், சின்ன வயசுதான், பொறுமையாகச் சொன்னார். காது மந்தமானால் மூளை சும்மா இருக்காதாம், பழைய சத்தத்தை எடுத்து ஓட்டுமாம். "பைத்தியம் எல்லாம் இல்லம்மா. நெறைய பேருக்கு வர்றதுதான்." காது மெஷின் மாட்டி அனுப்பினார். ரசீது பீரோவில்.

மனசு லேசாயிற்று. தில்லைக் காளியம்மனுக்கு நல்லெண்ணெய், குங்குமம். நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

பஸ்ஸிலிருந்தே தம்பிக்குப் போன். "காதுக் கோளாறுதான்டா. நீ தைரியமாப் போ."

"அப்பாடா! மாமா கிட்ட சொல்லு, நாளைக்கு வஞ்சிரம் எடுத்தாறேன்னு."

ஐப்பசி 21, வியாழன். விடிகாலையிலிருந்து வாடைக்காற்று.

தம்பி இருட்டிலேயே போய்விட்டான். கூட இரண்டு பேர்.

காலை பூங்கா. மெஷினோடு முதல் நடை. செருப்புச் சத்தம் கேட்கிறது என்று சின்னப்பிள்ளை போலச் சந்தோஷம். தூணடியில் நின்றார், வெகுநேரம். மைனா ஒன்றுகூட இல்லை.

"என்னாங்க?"

"நின்னுபோச்சு. சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சிட்டாங்க போல."



மத்தியானம் மற்ற போட்டெல்லாம் கரையேறிவிட்டன. முருகையன் போட் இல்லை. வஞ்சிரம் பிடிக்கணும்னு இன்னும் தள்ளிப் போனான் என்று கரையேறிய ஒருத்தர் சொன்னாராம். குழம்பை இறக்கி வைத்துவிட்டேன், யாரும் சாப்பிடவில்லை. மாலை டிவியில் கடலூர் துறைமுகம், மூன்றாம் எண் கூண்டு. இவர் என்னைப் பார்க்கவில்லை. மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தலை சாய்த்து நிற்கிறார்.

"ஏதாவது கேக்குதா?" என்று கத்தினேன். தலையை ஆட்டினார், இல்லை என்று.

செலவு எழுதவில்லை.

தம்பிக்கு அனுப்பியது, இன்னும் ஒரே டிக்தான்: முருகா, போன்னு சொன்னது நான்தான். மீன் வேணாம். செல்லு எடுத்த உடனே அக்காவுக்கு ஒரு வார்த்தை பதில் போடு, சீக்கிரம்.