சிரிக்காத அக்காவுக்கு

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காட்டமான வாசனை வந்ததுமே உங்கள் ஞாபகம், அக்கா. இத்தனைக்கும் நீங்கள் ஒருநாளும் நகத்துக்குச் சாயம் வைத்தவரில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டிவனத்தில் அந்த டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நான் பில் போடுகிறவள். ஸ்டோர் உங்கள் பொறுப்பு. அங்கே பேரிங் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியபோது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா மேல ஒரு கண்ணு வெச்சிக்க. பொம்பளைன்னா மொகத்துல ஒரு சிரிப்பு வேணாமா? மனசுல எதையோ வெச்சிக்கினுதான் இப்பிடி உர்ருன்னு கீது."

சாப்பாட்டு நேரத்தில் உங்களிடமே சொல்லிவிட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"நல்லா பாரு. என்ன மட்டும் பாக்காத, எல்லாரையும் பாரு" என்றீர்கள். பிறகு, "நாளைக்கி வரும்போது உன் நெயில் பாலிஷ எடுத்துக்கினு வா."

உங்களுக்கு எதற்கு அது? அன்று எனக்கே உங்கள் மேல் லேசாகச் சந்தேகம் தட்டியது. ஸ்டோரில் சில பெட்டிகளை விற்பனைக்கு விடாமல் ஒதுக்கி, மூடியின் உள்பக்கம் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு வைத்தீர்கள். அந்த வாரம் விழுப்புரம் கிளைக்குச் சரக்கு போன அன்றே அவற்றில் இரண்டு மறைந்தன.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினீர்கள். அங்கே நம் கிளைக்கு நாலு கடை தள்ளி ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே பேரிங்கைக் கேட்டீர்கள். மூடியைத் திறந்தால் ரோஸ் பொட்டு.

"சரக்கு எங்கேர்ந்து வருதுங்க?"

"அதோ, நாலு கடை தள்ளி கீதே, அந்தக் கடை மேனேஜருதாம்மா குடுக்கறாரு. தங்கமான மனுசன்."

நம் கிளை மேனேஜர்! வாரம் ஒருமுறை சரக்கெடுக்கத் திண்டிவனம் வருவாரே, "என்ன தாயே, சாப்ட்டியா" என்று எல்லாரிடமும் கலகலவென்று பேசுவாரே, அவர்தான்.

அந்தப் பெட்டியை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தபோது முதலாளி நம்பவே இல்லை. "அவன் எவ்ளோ சிரிச்சிப் பேசுவான்!" என்றார். கடைசியில், பிள்ளைகுட்டிக்காரன் என்று சொல்லி மேனேஜரைச் சத்தமில்லாமல் வேலையைவிட்டு அனுப்பிவைத்தார். உங்களிடம் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

"நீயும் கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்திருந்தா ஏம்மா சந்தேகப்படப் போறோம்?"

"நீங்க என்னிக்கி சிரிச்சீங்க? உங்கள யாரும் சந்தேகப்படலீங்களே."

அதே மூச்சில், காலியான விழுப்புரம் மேனேஜர் வேலையை நீங்கள் கேட்டீர்கள். "அங்க நாலு பேருகிட்ட நயமா பேசற ஆளு வேணும்" என்று முதலாளி மறுத்துவிட்டார். அந்த வேலைக்கு வந்தவரும் நன்றாகச் சிரிப்பார். நீங்கள் பழையபடி ஸ்டோருக்குள் போய்விட்டீர்கள். அன்று மத்தியானம் உங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

இப்போது விழுப்புரத்தில் ஓர் அலுவலகம் என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் ஆளெடுத்தோம். "அந்தப் பொண்ணு வேணாங்க மேடம், சிரிக்கவே மாட்டேங்குது. பையன் சோக்கா பேசறான்" என்றார் உதவியாளர்.

"ரெண்டு பேருல வேல யாருக்குத் தெரியும்?"

யோசித்துவிட்டு, "பொண்ணுக்குத்தான்" என்றார்.

அவள் திங்கட்கிழமை சேர்கிறாள். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம், அக்கா. ஆனால் ஒருவரை நல்லவர் என்று சொல்ல அவர் சிரிப்பை மட்டுமே யாராவது காட்டினால், எனக்குள் ஒரு சந்தேகம் தலைதூக்குகிறது. உங்களோடு இருந்து பழகிய சந்தேகம். அதை நான் விடுவதாக இல்லை.