பனிக்குப் போற பிள்ளைகளுக்குப் பட்டு உள்சட்டை

ஆரணி,
ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் எழுந்து நடமாடிகினு, வேளைக்குச் சாப்பிட்டுகினு நல்லாவே இருக்கிறோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் இனியாவும் எழிலும் அந்த ஜெர்மனிக் குளிர்ல ஒரு தும்மல்கூட இல்லாம இருக்கணும்னு ரேணுகாம்பாள் அம்மனைக் கேட்டுகினே இருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைஞ்சிருக்குது. ரைஸ் மில்லுல மூட்டை தூக்கின காலத்துத் தூசி இன்னும் நெஞ்சுல இருக்குதுன்னு டாக்டர் சொல்றார், மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாதாம். காலையில ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வர்றார், தை பொறந்தும் பனி விடல, மப்ளர் கட்டிவிட்டுதான் அனுப்பறேன். சத்துணவுக் கூடத்துல இருந்து ஓய்வு வாங்கின பிறகு நான் பேனா பிடிக்கல, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. போன்ல பேசாம எதுக்கு எழுதறான்னு நினைப்ப. போன்ல பேசினா நீ பாதியில வச்சிடற, அன்னிக்கு வச்ச மாதிரி. எழுதிட்டா கோவத்துல கீழ வச்சாலும் மறுபடி எடுத்துப் படிப்ப, அதான் பார்சலோட இதையும் வைக்கிறேன்.

அன்னிக்கு நடந்ததுல நான் புரிஞ்சுகினது இதுதான், தப்புன்னா சொல்லு. மார்ச் மாச லீவுல பிள்ளைங்களை மலைக்குக் கூட்டிகினு போயி பனியில சறுக்கக் கத்துத் தர்றாங்க, இனியாவோட படிக்கிற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேரு போறாங்க, எழிலையும் சேர்த்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. சறுக்குற கட்டை, பூட்ஸு, ஹெல்மெட் எல்லாம் அவங்களே கொடுக்கறாங்க, துணிமணி மட்டும் வீட்டுல இருந்து கொண்டாரணும். மாப்பிள்ளை வேலை செஞ்ச கம்பெனியில ஆளைக் குறைச்ச பிறகு உன் ஒரு சம்பளத்துல வீடு ஓடுது, ஒரு வாரம் போட்டு அடுத்த வருஷம் சின்னதாப் போயிடற துணியை இப்பப் புதுசா வாங்க முடியாது. இதைத் தெரிஞ்சுகினு உன்கூட ஆஸ்பத்திரியில வேலை செய்யிற மோனிகா, தன் பிள்ளைங்க போட்ட பனித்துணியைப் பையில எடுத்துகினு வீட்டுக்கு வந்தாங்க. நீ வாசல்லயே வேணாம்னு சொல்லி அனுப்பிட்ட, பிள்ளைங்களும் போக வேணாம்னு சொல்லிட்ட. இனியா பாத்ரூம்ல கதவைச் சாத்திகினு எனக்குப் போன் பண்ணி, ஆயா, எல்லாரும் போறாங்க, நாங்க மட்டும் வீட்டுல இருக்கணுமான்னு அழுதா. அதுக்கு மேலதான் நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சொன்ன வார்த்தை இன்னும் காதுல இருக்குது. "அடுத்தவங்க கழிச்சதைப் போட்டுகினு நின்னது என்னோட போகட்டும்மா, என் பிள்ளைங்க நிக்க வேணாம்." அதோட போனை வச்சிட்ட.

வேற யாரா இருந்தாலும் இதென்ன வீம்புன்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்க மாட்டேன். பெரிய வீட்டுக் கழனியில நானும் அப்பாவும் கூலிக்கு நின்ன காலத்துல, பொங்கல் முடிஞ்சதும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அவங்க வீட்டுப் பிள்ளைங்க பழந்துணியைப் போடுவாங்க. கையில கொடுக்க மாட்டாங்க, முந்தானையை விரிச்சுப் பிடிச்சாலும் தரையிலதான் வந்து விழும். அப்படி விழுந்த மஞ்சக் கவுன் ஒண்ணைத் துவைச்சு, அக்குள்ல கிழிஞ்ச இடத்தைத் தைச்சுக் கொடுத்தேன், நீ ஆசையாப் போட்டுகினு பள்ளிக்கூடம் போன. பிரேயர்ல எல்லாரும் வரிசையா நிக்கறப்ப அந்த வீட்டுப் பொண்ணு உன்னைக் கையைக் காட்டி, அது என் கவுனு, எங்கம்மா தூக்கிப் போட்டதுன்னு சத்தமாச் சொன்னா. பிள்ளைங்க சிரிச்சாங்க, வாத்தியாரும் சேர்ந்து சிரிச்சார். நீ வீட்டுக்கு வந்து அழக்கூட இல்ல, கவுனைக் கழட்டி அடுப்புகிட்ட வச்சிட்டு வெறும் பாவாடையோட உக்காந்திருந்த. அடுத்த பொங்கலுக்கு நான் கொல்லைப்பக்கம் போகல. அதை மனசுல வச்சிகினு நம்மளை வேலைக்குக் கூப்பிடறதை நிறுத்தினாங்க, அப்பா மில்லு வேலைக்கு ஆரணி வந்தார், நாமளும் ஊரை விட்டு வந்தோம். இதையெல்லாம் உனக்கே எதுக்கு எழுதறேன்னா, நான் எதையும் மறக்கலன்னு உனக்குத் தெரியணும். அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல நாம ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு தடவைகூடப் பேசினதில்ல.

சரி, என் பேரப்பிள்ளைங்களுக்கு வேண்டியதை நானே புதுசா வாங்கி அனுப்பிடறேன்னு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்பளிச் சட்டை எடுத்தேன், குல்லா எடுத்தேன். பின்தெருவுல சடையப்பன்னு ஒருத்தர் இருக்கார், பட்டாளத்துல லடாக்கு பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவர், அவருகிட்டக் கொண்டுபோயிக் காட்டினேன். கம்பளி நடுவுல போட நல்லதுதாம்மா, ஆனா பனியில விழுந்து எழுந்தா ஈரம் ஏறும், மேல போடறது தண்ணி இறங்காத துணியா இருக்கணும்னார். உள்ள போடறது பருத்தி பனியனா இருக்கவே கூடாதாம், வேர்வையைக் குடிச்சிட்டு அப்படியே சில்லுனு ஒட்டிக்குமாம். அதுக்குக் கம்பளி இல்லன்னா பட்டுதான் நல்லது, மெல்லிசா இருக்கும், ஜல்தியாக் காயும், சூட்டையும் விடாதுன்னார். பட்டு நெய்யிற ஊருல இருந்துகினு பனியனைத் தேடறீங்களேன்னு சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது. பலராமன் தறிக்கு அப்பவே போனேன். ஜரிகை இல்லாத வெறும் பட்டு, வெட்டினதுல மிஞ்சினது இருந்தா கொடுங்கன்னேன். அரக்குல கொஞ்சம், வெங்காயச் சருகு நிறத்துல கொஞ்சம் சல்லிசாக் கொடுத்தார். உள்ள போடறதுதானே, முன்பக்கம் ஒரு நிறம் பின்பக்கம் ஒரு நிறமா இருந்தா யார் பார்க்கப் போறாங்க. மேல போடற கோட்டும் பேண்டும் மட்டும் எங்கயும் கிடைக்கல. வேலூர் வரைக்கும் போயிப் பார்த்தேன், பனிக்குன்னு கேட்டா மழைக்கோட்டை எடுத்துக் காட்டறாங்க.

தைக்கிறதுக்கு ஆள் யாருன்னு பலராமன்கிட்டயே கேட்டேன், மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை சின்னப் பிள்ளைங்க துணி நல்லாத் தைக்கும்னு அனுப்பினார். கழுத்துல டேப்பைப் போட்டுகினு மிஷின்ல உக்காந்திருந்தா, உன் வயசுதான் இருக்கும். வாங்கம்மா, உக்காருங்கம்மான்னு நல்லாத்தான் பேசினா. மாப்பிள்ளை போன்ல அனுப்பின அளவைக் காட்டினேன். தையல் தோலை உரசாம வெளிப்பக்கமாத் திருப்பித் தைக்கறேன், மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் எலாஸ்டிக் வச்சா மேல ஏறாதுன்னு அவளே யோசனை சொன்னா. பேரு கேட்டா, முனியம்மான்னேன். சொந்த ஊரே ஆரணியான்னா, இல்ல, படவேடு பக்கம்னு ஊர்ப்பேரைச் சொன்னேன். நிமிந்து என் முகத்தைப் பார்த்தா. "சுப்பன் பொண்டாட்டியா நீ?" அது வரைக்கும் அவ வாயில இருந்த 'ங்க' அந்த ஒரு நொடியில போயிடுச்சு மதி. அப்பதான் எனக்கும் அடையாளம் தெரிஞ்சுது. பரிமளா. பெரிய வீட்டுப் பொண்ணு. ஆரணியிலதான் கட்டிக் கொடுத்தாங்களாம், புருஷன் விட்டுட்டுப் போயிட்டானாம், அண்ணன் தம்பிங்க நிலத்துல பங்கு தரலையாம், தைச்சுதான் பிள்ளையைப் படிக்க வைக்கறா. அவ நிலைமையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வரல, பாவம்னும் வரல, உள்ளதைச் சொல்றேன்.

பேச்சு மாறினதை அவளே கவனிச்சிருப்பா போல, உங்க பொண்ணு இப்ப எங்க இருக்குதுங்கன்னு திருத்திகினா. ஜெர்மனியில நர்சா இருக்கா, உங்ககூடப் படிச்ச மதிவதனிதான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுப் பார்த்துட்டு, ஞாபகம் வரலையேன்னா. சும்மாச் சொல்லல, நிஜமாவே அவளுக்கு ஞாபகம் இல்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல. நீ இத்தனை வருஷமாச் சுமந்துகினு, கடல் தாண்டிப் போயும் இறக்கி வைக்க முடியாம, பிள்ளைங்க ஆசையைக் கூட மறுக்கற அளவுக்கு மனசுல வச்சிகினு இருக்கறது, இவளுக்கு ஒரு தூசியாக்கூட இல்ல. நான் குரலை உசத்தல.

"மஞ்சக் கவுனு போட்டுகினு பிரேயர்ல நின்னவ. அது உங்க கவுனுன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்களே, அவ."

மிஷின் சக்கரத்தைக் கையால பிடிச்சு நிறுத்தினா. "நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க. அவ இன்னும் மறக்கல."

துணியை வாங்கிகினு கிளம்பிடலாமான்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம், இது நான் கூலி கொடுத்துச் செய்யச் சொல்ற வேலை, நான் எதுக்கு எழுந்து போகணும்னு அப்படியே உக்காந்து, எத்தனை நாள்ல ஆகும்னு கேட்டுட்டுதான் வந்தேன். அப்பாகிட்டச் சொன்னதுக்கு அவரும் நல்லதுதான் செஞ்சன்னார். மறுபடி வாங்கப் போனப்ப எல்லாம் மடிச்சுத் தயாரா வச்சிருந்தா. உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு இடத்துலயும் நூல் உறுத்தல, வேலையில குறை சொல்ல முடியாது. கூலி எவ்ளோன்னு நான் கேட்டா, வேணாம்ங்க, பிள்ளைங்களுக்கு நான் கொடுத்ததா இருக்கட்டும்ங்கறா. உங்க கொடைன்னா என் பொண்ணு தொட மாட்டா, வாங்கிக்குங்கன்னு சொல்லி, மிஷின் மேல வைக்காம கையை நீட்டச் சொல்லிக் கையிலயே கொடுத்தேன். வாங்கிகினு தலையைக் குனிஞ்சுகினே, உங்க பொண்ணுகிட்ட ஒரு தடவை பேசணும், நம்பர் தருவீங்களாங்கன்னு கேட்டா. அவளைக் கேக்காம தர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இதுல நான் அவளை மன்னிச்சிட்டேன்னு நினைக்காத. மன்னிக்கறதா வேணாமாங்கறது என் பாடு இல்ல, அது உன்னோடது.

மோனிகா விஷயத்துல நான் நினைக்கறதையும் எழுதிடறேன். இனியாகிட்ட ஒவ்வொண்ணா விசாரிச்சேன். அந்தம்மா கொண்டார்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஆஸ்பத்திரியில கேட்டுட்டுதான் வந்தாங்களாமே, நீ களைப்புல சரின்னு தலையாட்டிட்டு, பையைக் கண்ணால பார்த்த பிறகுதான் வேணாம்னியாம். அந்தக் கோட்டு அவங்க வாங்கினதே இல்லையாம், அவங்க அக்கா பிள்ளைங்க போட்டதாம், உங்களுக்கப்புறம் வேற ஒரு வீட்டுக்குப் போகணும், கிழியாமப் பார்த்துக்கங்கன்னு சொல்லித்தான் கொடுத்தாங்களாம். திருப்பிக் கேக்கற பொருளை யாரும் கழிச்சுக் கட்டினதுன்னு சொல்ல மாட்டாங்க மதி. வாங்கிக்கன்னு நான் கட்டாயப்படுத்தல. உன் மனசு கூசும்னா வேணாம், பிள்ளைங்க இன்னொரு வருஷம் போகட்டும். ஆனா அன்னிக்கு நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பாவாடையோட மூலையில உக்காந்திருந்த மாதிரி, மத்தவங்க எல்லாம் மலைக்குப் போறப்ப இனியா ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கறதை நினைச்சா எனக்குத் தாங்கல. அவளுக்கு ஏன்னுகூடத் தெரியாது. உனக்காவது காரணம் தெரிஞ்சிருந்துது.

திங்கக்கிழமை சாயந்திரம். கூரியர்காரன் நேத்து லீவு, அதனால பார்சல் கட்டாமலே இருந்துது. இன்னிக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். நீ வேலைக்குப் போயிருக்கறப்ப சொல்றேன்னு சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னார். நீயே மோனிகா வீட்டைத் தேடிப் போனியாம். வாசல்ல திருப்பி அனுப்பினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, ஏன் அப்படிச் செஞ்சேன்னு உக்காந்து எல்லாத்தையும் சொன்னியாம், கொல்லைப்பக்கம், கவுனு, வாத்தியார் சிரிச்சது வரைக்கும். நாம எந்தச் சாதி, அதை வச்சு இங்க நம்மளை எப்படி நடத்துவாங்கன்னும் சொன்னியாம். அந்தம்மா முழுசும் கேட்டுட்டு, அப்புறம் அந்தப் பையைக் கொடுக்கலாமா வேணாமான்னு உன்னையே கேட்டாங்களாம். நீ வாங்கிகினு வந்துட்ட. எழில் கோட்டைக் கழட்டாம அதோடவே சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தான்னு மாப்பிள்ளை சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல, அழுகைதான் வந்துது. இத்தனை வருஷம் ஊமையா இருந்துட்டு, நீ அங்க ஒருத்தர்கிட்டயும் நான் இங்க ஒருத்தர்கிட்டயும் ஒரே வாரத்துல வாயைத் திறந்திருக்கோம், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமலே. மேல எழுதினதுல பாதி இப்ப வேண்டாததுதான், இருந்தாலும் கிழிக்க மனசு வரல, இருக்கட்டும்.

பட்டை வாஷிங் மிஷின்ல போடாத, பச்சைத் தண்ணியில அலசிப் பிழியாம நிழல்ல போடு. எழிலுக்குக் காதுவலி வர்ற உடம்பு, குல்லாவைக் காது மூட இழுத்துவிடச் சொல்லு. இனியாவை, தம்பி விழுந்தா சிரிக்காம தூக்கிவிடச் சொல்லு. பரிமளாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு உனக்குத் தோணறப்பச் சொன்னாப் போதும், இந்த வருஷமா இருந்தாலும் சரி, பத்து வருஷம் கழிச்சா இருந்தாலும் சரி, வேணவே வேணாம்னாலும் சரி. மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் நல்ல வேலை கிடைக்கட்டும். நீங்க நாலு பேரும் எங்க நின்னாலும் தலை நிமிந்து நிக்கணும், அதுதான் எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதமும். பிள்ளைங்க பனியில நிக்கற போட்டோவை அப்பா போனுக்கு அனுப்பு, என் போன்ல சின்னதாத் தெரியுது. போட்டோவுல நீயும் பக்கத்துல நில்லு.

உன்னைப் பெத்த அம்மா,
சு. முனியம்மா