நடுவில் போட்டிருந்த நாற்காலி

ஜனவரி 8

யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று ஓவியப் பட்டறை. கதவைத் திறந்தால் வட்டமாக முக்காலிகள், நடுவில் முதுகு வைத்த நல்ல நாற்காலி ஒன்று. வகுப்பிலேயே வயதானவள் என்று யாரோ எனக்காக யோசித்துப் போட்டிருக்கிறார்கள். மனசு குளிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் வந்தார்கள். சுற்றி உட்கார்ந்தார்கள். என்னையே பார்த்தார்கள். பென்சிலை எடுத்தார்கள். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நாக்கால் துழாவிக்கொண்டே நானும் ஆசிரியை பாடம் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ பின்னால் நின்று, "தோளைக் கவனிங்க, அந்தச் சோர்வைக் கவனிங்க" என்கிறார். யாருடைய சோர்வோ என்று இருந்துவிட்டேன்.

பாதி வகுப்பில் ஒல்லியாக ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "சாரி மேடம், பஸ் கிடைக்கல. நான்தான் மாடல்."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க?"

"ஸ்டூடண்ட் மேடம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆனா அசையாம நல்லா உட்கார்ந்தீங்க" என்றார், ஆறுதலாகத்தான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்த உடம்பு. அசையாமல் இருப்பதற்கு ஒரு பட்டம் உண்டென்றால் படிக்காமலே வாங்கிவிடுவேன்.

ஜனவரி 9

மகளுக்குத் தெரிந்துவிட்டது. அதே டிசைன் கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் மூத்த மாணவி அவள்; விஷயம் அவளுக்கு முன்னாலேயே கேண்டீனுக்குப் போயிருக்கிறது.

"அம்மா, காரிடார்ல பார்த்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"சரிங்க சீனியர்" என்றேன்.

அவள் அப்பா பேப்பரை மடித்தார். "உன்னை உட்கார வெச்சுப் படம் வரைஞ்சாங்களா? நானும்தான் இத்தனை வருஷமா பார்த்துட்டிருக்கேன், ஒரு நாள்கூட வரையணும்னு தோணலையே."

ஜனவரி 17

கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டு நினைவூட்டினார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள் திரும்ப வந்து படிக்கத் தருகிற உதவித்தொகை எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஏப்ரலில் ஜூரி. நான் செய்யும் பொருளை மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த வருஷத்துக்கும் பணம். இல்லையென்றால் வீட்டில் ஒருத்தி படிப்பதற்குத்தான் வசதி. அது நானாக இருக்க முடியாது.

சாயங்காலம் பல் டாக்டர் போன் பண்ணினார். "உங்க சீட்டு அப்படியே காலியாத்தான் இருக்கு. எப்ப வேணாலும் வாங்க." நல்ல மனுஷர். வாழ்த்துகிறாரா, சபிக்கிறாரா என்றுதான் தெரியவில்லை.

ஜனவரி 30

வடிவமைப்பு வரலாறு. ஆசிரியர் விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் சிவப்புப் புள்ளியை ஓட்டியபடியே பேசுகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் லேசர் சார். பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தத் தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்ததால் பிழைத்தேன். கெட்ட விஷயம் — ஜூரியில் அவரும் ஒருவர்.

பிப்ரவரி 12

என்னை வரைந்த படங்களை எல்லாம் இன்று சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சுவர் முழுக்க நான். கல்யாண ஆல்பத்தில்கூட இத்தனை இல்லை.

சிரித்துவிட்டு நகரத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரே பெண்தான். முன்னால் சரிந்து, தலை தொங்கி, இடுப்புக்குப் பின்னால் கைப்பையைத் திணித்துக்கொண்டு. ஒரு பையன் அந்தப் பையை வால் மாதிரியே வரைந்திருக்கிறான். நன்றாயிருக்கட்டும். ஆனால் அந்தத் தலை — இருபது வருஷமும் இப்படித்தான் இருந்தேனா? வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்களே. ஒருத்தராவது சொன்னார்களா? பல்வலியோடு வருகிறவன் என் கழுத்தையா பார்ப்பான்.

என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. வரவேற்பு மேசைக்காரிகளுக்கு ஒரு நாற்காலி.

மார்ச் 5

மரப் பட்டறை. விரல் பத்தும் இருக்கின்றன.

முதுகுப் பலகையில் மேல்பக்கம் ஒரு புடைப்பு வைக்கிறேன், தொங்குகிற கழுத்தைத் தாங்க. பட்டறைப் பொறுப்பாளர் அம்மா கறாரானவர். "ஒவ்வொரு துண்டுலயும் எது மேல்னு எழுதி அம்பு போடுங்க. கடைசி நாள்ல வந்து எங்கிட்ட அழக் கூடாது." பிள்ளைகள் காதிலேயே வாங்கவில்லை. நான் போட்டேன், அழகாக, கொட்டை எழுத்தில். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா.

ஏப்ரல் 2

வார்னிஷ் வாசனையோடு வீட்டுக்கு வந்தேன். "இது என்ன செண்ட்டு?" என்றார் இவர்.

ஏப்ரல் 20

நாளை ஜூரி. பாகங்கள் தயார், மாட்டவில்லை. காலையில் போய் மாட்டிக்கொள்ளலாம். மகள் கதவோரம் நின்று, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள். காரிடார் இல்லை என்பதால் கேட்டாள். "ஆமா சீனியர்" என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 21

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் தாமதமாகிவிட்டது. திருப்புளி கிடைக்கவில்லை, கிடைத்தபோது திருகாணி கிடைக்கவில்லை. ஜூரி பக்கத்து மேசைக்கு வந்துவிட்டபோதுதான் கடைசித் திருகை முறுக்கினேன். பின்னால் சுவரில் அந்தப் படங்கள்.

லேசர் சார் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். பிறகு — நிறுத்திவிட்டார். சாய்ந்துகொண்டு சும்மா இருந்தார். மற்ற இருவரும் அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

"இடுப்பு" என்றார் கடைசியில். "எல்லாரும் கழுத்துக்குத்தான் முட்டுக் குடுப்பாங்க. இவங்க சரியா இடுப்புல குடுத்திருக்காங்க. அந்தப் படங்களைப் பாருங்க, பை எங்க இருக்கு? இடுப்பு நிமிர்ந்தா தலை தானா நிமிரும். இதுக்குப் பேர்தான் கவனிக்கறது."

என்னைக் கேட்டார்கள், எப்படித் தோன்றியது என்று. நான் நாற்காலியைப் பார்த்துத் தலை குனிந்தேன். அடக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.

உதவித்தொகை தொடர்கிறது. காரிடாரில் எல்லார் முன்னாலும் மகள் ஓடி வந்து, "அம்மா" என்று கட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 22

பல் டாக்டருக்குச் சொன்னேன். "அப்ப உங்க சீட்டுக்கு வேற ஆள் பார்க்கறேன்" என்றார், குரல் இறங்கி. வேற ஆள் மட்டும் போதாது டாக்டர், வேற சீட்டும் பாருங்க என்றேன்.

மே 3

நாற்காலி வீட்டுக்கு வந்தது. வாசலில் நுழையவில்லை. மகள் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினாள். நான் ஜூரி கதையை மூன்றாம் தடவையாக அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், கவனிப்பது என்றால் என்ன என்று.

சட்டத்துக்குப் பின்னால், முதுகுப் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்க அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு இன்னும் சாய்த்தாள். கிட்டத்தட்டத் தலைகீழாகக் குனிந்துவிட்டாள்.

'மேல்'. என் கையெழுத்துதான், கொட்டை எழுத்து. அம்பு தரையைக் காட்டுகிறது.