இடையில் விட்டவர்

அண்ணை,

போன வியாழக்கிழமை தோட்டத்தில் இதரை வாழைக்குலை வெட்டிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. கை முழுவதும் வாழைக்கயர். துடைக்காமலே எடுத்தேன். அந்தக் கறை இன்னும் கைபேசியின் முதுகில் இருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஒரு பெண்பிள்ளையின் குரல். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாளாம். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களில் யார் விடாமல் கிளினிக்குக்கு வருகிறார்கள், யார் நடுவில் நின்றுவிடுகிறார்கள், பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று ஆய்வு செய்கிறார்களாம். உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்தாள்.

“அவரின்ரை நம்பர் வேலை செய்யேல்லை. தன்னைப் பிடிக்கேலாட்டில் உங்களோடை கதைக்கச் சொல்லி இந்த நம்பரைத் தந்தவர். கார்த்திகைக்குப் பிறகு அவர் கிளினிக்குக்கு வரேல்லை. இடையிலை விட்ட ஆக்களோடை ஒருக்காக் கதைக்கவேணும், அதுதான்.”

இடையில் விட்டவர். அதுவும் நீங்கள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“நீங்கள் அவருக்கு என்ன முறை?” என்று கேட்டாள்.

மனைவி இருக்க, மச்சான் இருக்க, நீர்வேலியில் வாழை செய்கிற ஒருவனுடைய இலக்கத்தை ஏன் கொடுத்தீர்கள்? “பிறகு எடுங்கோ தங்கச்சி, கையிலை வேலை” என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

நாம் இருவரும் ஒரே சிகிச்சை நிலையத்தில் தூளை விட்டு எழும்பியவர்கள் என்பது என் ஊரில் எவருக்கும் தெரியாது. அந்த மாதங்களில் நான் கட்டாரில் வேலை செய்ததாக அம்மா சொல்லிவைத்திருந்தா. என் அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அவவைக் குறை சொல்ல முடியாது. நான் வீட்டுக்கு வந்த அன்று, யாழ்ப்பாணம் டவுனில் வெளிநாட்டுச் சாமான் கடையில் வாங்கிய சொக்லேட்டும் சவர்க்காரமும் அயலெல்லாம் பங்கிட்டா. நானும் அங்கத்தைய வெயிலைப் பற்றி வாய்க்கு வந்தபடி அளந்தேன். போகப்போக அம்மா தன் பொய்யைத் தானே நம்பிவிட்டா. “கட்டாராலை வந்தாப்பிறகு உனக்கு ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுதில்லை” என்று என்னிடமே சொல்லுவா.

இதைக் கேட்டு நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். “அப்ப ஒட்டகத்திலை ஏறினனியோ, தம்பி?” அன்றிலிருந்து நான் உங்களுக்குக் கட்டார்காரன்.

நீங்கள் எதையும் ஒளித்ததில்லை. தென்மராட்சியில் உங்கள் ஊர்ப் பஸ்ஸில் யாராவது எங்கே பயணம் என்று கேட்டால், “தூள் அடிச்சனானெல்லோ, கிளினிக்குக்குப் போறன்” என்று சத்தமாகவே சொல்வீர்களாம். பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விடுவாராம். அதையும் எனக்கு நடித்துக் காட்டினீர்கள்.

என்னால் அந்தக் கிளினிக் வாசலை மிதிக்க முடியவில்லை. எங்கள் ஊர்ச் சனம் யாராவது கண்டால் கட்டார் கதை அம்பலமாகிவிடும். அதனால் கிளினிக் முடிந்ததும் நீங்கள் என் தோட்டத்துக்கு வந்தீர்கள். வேலியோரம் நின்று, “குலை இருக்கோ? விலை என்ன மாதிரி?” என்று வியாபாரிபோல உரக்கக் கேட்பீர்கள். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து, அங்கே சொல்லித் தந்ததையெல்லாம் எனக்குச் சொல்லித் தருவீர்கள். ஆசை எழும்பினால் அது அடங்கும்வரை எப்படிப் பொறுத்திருப்பது, எந்தச் சந்தியால் போகக்கூடாது, நித்திரை வராவிட்டால் என்ன செய்வது. வெறுங்கையோடு திரும்பினால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமென்று ஒவ்வொரு முறையும் ஒரு குலையையும் சுமந்துகொண்டு போனீர்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு வாழைப்பழமே வெறுத்துப்போய்விட்டது என்று என்னிடம் முறைப்பட்டீர்கள்.

இவ்வளவு தூரம் அலைந்து அந்தக் கிளினிக்குக்கு ஏன் விடாமல் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“அங்கை மூத்திரத்தைச் சோதிச்சுப் பாத்திட்டு, ‘ஒண்டுமில்லை, நல்லாயிருக்கிறியள்’ எண்டு நேர்ஸ் பிள்ளை சொல்லும். வேறை எங்கை தம்பி என்னை நம்புகினம்? வீட்டிலை நான் கக்கூசிலை கொஞ்சம் கூட நேரம் இருந்தாலே கதவைத் தட்டுவினம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மழை பிடித்தது. வயல்கள் முட்டி நின்ற நாட்களில் ஒருநாள் நீங்கள் கைபேசியில் அழைத்தீர்கள். குரல் உங்களுடையதாகவே இல்லை. “தம்பி, காய்ச்சல். கெண்டைக்கால் ரண்டையும் பிச்செடுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுறன், வீட்டிலை இவை கேக்கினமில்லை. நீ ஒருக்காச் சொல்லு.”

உங்கள் மனைவி அறைக்குள் வந்து கைபேசியை வாங்கினா. “உது காய்ச்சல் இல்லை, தம்பி. கண் சிவந்து, நடுங்கி, சத்தியெடுத்து, முந்தித் தூள் கிடையாட்டில் உப்பிடித்தான் கிடந்தவர். திருப்பித் தொடங்கீட்டார். வெளியிலை போய் வாங்காமல் அறைக்குள்ளை விட்டுப் பூட்டியிருக்கிறம்.”

“இல்லையக்கா, அவர் தொடேல்லை” என்றேன்.

“உமக்கென்ன தெரியும்? நீரும் அவரோடை கிடந்த ஆள்தானே.”

அடுத்த நாள் வெள்ளத்துக்குள்ளால் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். எலிக்காய்ச்சல். நீங்கள் வேலை செய்த வயல் தண்ணீரால் வந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது, பிந்திக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். உங்களோடு ஒரு சொல்லும் பேசக் கிடைக்கவில்லை.

செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே எனக்கு முன்கதிரையில் இருந்தவர்கள் கதைத்தார்கள்.

“எலிக்காய்ச்சலாம்.”

“உப்பிடித்தான் சொல்லுவினம். தூள் எண்டு சொல்லேலுமே?”

எங்கள் சனத்துக்குக் கட்டார் கதை விழுங்க இலேசாக இருந்தது. உங்களுடைய எலிக்காய்ச்சல் தொண்டையில் நின்றது. எழும்பி இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீர் ஆர் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பந்தலில் உங்களைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

இப்போது இந்தப் பிள்ளை கேட்கிறாள். உங்களைப் பற்றிய உண்மையைச் சொல்ல ஒரு இடம் வந்திருக்கிறது. அதை முதலில் உங்கள் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை போனேன். உங்கள் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் கேட்டா.

“தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். காய்ச்சல் இருந்ததுதான், டொக்டர் சொன்னவர். ஆனால் அதோடை அதுவும் இருந்ததுதானே? கொஞ்சமெண்டாலும் பாவிச்சவர்தானே?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த பிறகும் உங்களை விடமாட்டார்களா என்று நினைத்தேன். பிறகு அவவின் கையைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தா. அந்த அறையைப் பூட்டிய கை அது. நீங்கள் உள்ளே கிடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கத்தியதை வெளியில் நின்று கேட்டவ அவதான். நீங்கள் பாவிக்கவில்லை என்று நான் சொன்னால், மிச்சக் காலம் முழுக்க அவ அந்தக் கதவுக்கு வெளியிலேயே நிற்கவேண்டும்.

“ஓமக்கா. கடைசியிலை கொஞ்சம் பாவிச்சவர்.”

அவ வாய்விட்டு அழுதா. செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்றா. நானும் சாப்பிட்டேன்.

நீங்கள் ஒளிக்காத மனிதர். உங்களை வைத்தே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். தூஷணத்தால் பேசுவீர்களா, “சரி விடு தம்பி” என்பீர்களா, தெரியவில்லை. கேட்டுப் பார்க்க உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை அண்ணை. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்தப் பிள்ளை திங்கட்கிழமை மறுபடி எடுத்தாள்.

“அவர் இடையிலை விடேல்லை, தங்கச்சி. எலிக்காய்ச்சல் வந்து செத்துப்போனார். கடைசிவரைக்கும் தூளைத் தொடேல்லை.”

“கேக்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. அது உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?”

“நானும் அவரோடை நிலையத்திலை இருந்தனான்.”

என் வாயால் இன்னொருவருக்கு இதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. திருத்தி எழுதுவதாகச் சொன்னாள். யாருடைய பெயரும் வராது என்றும் சொன்னாள். ஆக, அந்த ஆய்வில் நீங்கள் கடைசிவரை நின்று பிடித்த ஒருவர், பெயர் இல்லாமல். உங்கள் வீட்டிலோ பெயரோடு வழுக்கி விழுந்தவர். நீங்கள் விழவில்லை என்று உங்கள் பெயரோடு அறிந்தவன் இனி நான் ஒருவன்தான். தூள் அடித்தவனின் சொல்லுக்கு ஊரில் என்ன மதிப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் எனக்கு ஆசை எழும்பியது, அண்ணை. நெடுநாளைக்குப் பிறகு. சைக்கிளை எடுத்து வேலிப் படலை வரைக்கும் வந்துவிட்டேன். அங்கேயே சைக்கிளைப் பிடித்தபடி, அது அடங்கும்வரை நின்றேன். றோட்டால் போனவர்கள் என்னவென்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். நான் விழுந்தால், உங்களைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் சொன்னதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்காகத்தான் நின்றேன்.