பாலத்தின் பூட்டு

என் வாயாடித் தங்கைக்கு,

சண்டை தொடங்கியபோது பூட்டிய ஆற்றுப் பாலத்தைத் திங்கட்கிழமை காலை திறக்கிறார்கள். குதிக்காதே, முழுதும் படி.

பேச்சுவார்த்தைக்கு எங்கள் தரப்பில் வரலாற்று ஆலோசகராக நான் போயிருந்தேன். எதிரே உங்கள் நாட்டுத் தளபதி. பாதி மேசையை அவர் மீசையே அடைத்துக்கொண்டது. எல்லைக்கோட்டைத் தங்களுக்குச் சாதகமாக நகர்த்தவே இரு தரப்பும் மல்லுக்கட்டின.

"பழைய பிரிவினைகளைப் பாருங்க சார். கோட்டை நகர்த்தினப்பல்லாம் ஜனங்கதான் மூட்டையைத் தூக்கினாங்க," என்றேன்.

அவர் எல்லை வரைபடத்தை மடித்து வைத்தார். "எங்கம்மாவும் அப்படி மூட்டையோட வந்தவங்கதாம்மா," என்றார். பிறகு எங்கள் அமைச்சரைப் பார்த்து, "கோடு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். பூட்டை மட்டும் எடுத்துடுவோமா?" என்றார். அமைச்சருக்கு வாயெல்லாம் பல். அன்றே கையெழுத்தானது.

இந்தக் கடிதமும் தளபதியின் பையில்தான் வருகிறது. பிரித்துப் படிக்க மாட்டாராம், மீசைமேல் சத்தியம்!

உன் மகளின் கால் அளவை அவரிடமே சொல்லியனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். இப்போது நடக்கிறாளா, ஓடுகிறாளா? என்னை யாரோ என்று நினைத்து அழுதாலும் பரவாயில்லை, பெரியம்மா மெல்லப் பழகிக்கொள்வேன். நீ மட்டும் பாலத்தில் நின்று அழுது மானத்தை வாங்காதே. அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா