கீழ்த்தளத்து அறை

லாங்கன்தால், சுவிஸ்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் நிலனும் அதேபோல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன், அதுதான். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான் என்று நினைத்து, ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

அமெரிக்காவில் உங்களைப் பார்த்துவிட்டு மில்வோக்கியிலிருந்து நான் தனியே திரும்பி வந்து இரண்டு கிழமை ஆகிறது, திறந்த வாய் இன்னும் மூடவில்லை. நீங்கள் வீடு வாங்கப் பார்க்கும் அந்த மூன்று பணக்கார ஊர்களையும் பற்றி வேலையிடத்தில் சொல்லி முடித்தேன், கோயிலில் சொல்லி முடித்தேன், மேல்வீட்டு இந்திரா இப்போது என்னைக் கண்டால் லிப்ட்டை விட்டுவிட்டுப் படியால் இறங்கி ஓடுகிறாள். ரிவர் ஹில்ஸில் றோட்டிலிருந்து வீடே தெரியவில்லையே பிள்ளை! மரங்களுக்குள்ளே கார் போகிறது, போகிறது, ஒரு மான் நின்று இவர்கள் யார் என்று பார்க்கிறது, அதற்குப் பிறகுதான் வீடு. அவ்வளவு காணிக்கும் வேலியும் இல்லை மதிலும் இல்லை. ஊரில் ஒரு முழ வேலிக்கு வழக்குப் பேசிய சனம் நாங்கள், எனக்கு அதைப் பார்க்கத் தலையே சுற்றியது. பொக்ஸ் பொயின்றில் குசினி யன்னலைத் திறந்தால் ஏரி. சூரிச் ஏரி என்றால் அக்கரை வீடுகள் தெரியும், காசுக்காரர் இருக்கும் கரை என்று நாங்களும் ரயிலில் போகும்போது எட்டிப் பார்ப்போம். இந்த ஏரிக்கு அக்கரையே தெரியவில்லை, அலை வேறு அடிக்கிறது, கடவுளே இதை ஒருவர் தன் வீட்டு யன்னலால் பார்க்கலாமா என்று அப்படியே நின்றுவிட்டேன். வைற்பிஷ் பேயில் காணி சின்னதுதான், ஆனால் உடுப்புத் தோய்க்க வீட்டுக்குள்ளேயே ஒரு தனி அறை! இங்கே கட்டடத்துக்குக் கீழே எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மெஷின், எங்கள் முறை வரும்வரை அழுக்கு உடுப்போடு காத்திருக்கிறவள் நான். நினைத்த நேரம் தோய்க்கலாம், ஞாயிறும் தோய்க்கலாம் என்று நீ சொன்னபோது அந்த மெஷினைத் தடவிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டுப் புல் வெட்டுகிறார்களே, சுவிஸில் போலப் பொலிஸ் வராதா என்று நான் கேட்டதற்கு மருமகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

இந்தப் பிரமிப்பில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை மகள். மூன்று வீட்டிலும் நீ என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அறைக்கு. “அம்மா, இந்த அறை எப்படி?” என்று கேட்டாய். ரிவர் ஹில்ஸில் சாமி அறைக்கு நல்லது என்றேன். பொக்ஸ் பொயின்றில் சாமான் போட்டு வைக்கலாம் என்றேன். வைற்பிஷ் பேயில் தோய்க்கிற இடத்துக்குப் பக்கம், அயன் பண்ண வசதி என்றேன். அதற்குப் பிறகு காரில் நீ கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாய், உனக்குக் களைப்பாக்கும் என்று நான் மானைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். போன ஞாயிறு அப்பாவுக்குப் படங்களைக் காட்டினேன். அவர் மானையும் பார்க்கவில்லை ஏரியையும் பார்க்கவில்லை, அந்த அறைப் படங்களிலேயே நின்றார். ஏறப் படி இல்லை, பக்கத்திலேயே குளியலறை, அதற்குள் பிடித்து எழும்பக் கம்பி. “இது என்ர முழங்காலுக்குப் பார்த்த அறையடி. பிள்ளை எங்களை வாங்கோ எண்டு கேட்டிருக்கிறாள், நீ அயன் பெட்டி வைக்கப் போறியோ?” என்றார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கன நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நேரே கேட்டால் வேலை, கோயில், இந்திரா என்று சாட்டுச் சொல்லுவோம் என்று பயந்தாயோ? சொல்லியிருப்பேன்தான்.

இந்த மாதக் கடைசிக்குள் வீடு விற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய், அதற்கு முதல் எங்கள் பதிலைக் கேள். அப்பாவுக்குத் தை மாதம் பென்ஷன். விசா அலுவல் இழுபடும் என்கிறார், இழுபடட்டும், இந்த நாட்டில் இருக்கப் பெர்மிட்டுக்குக் காத்திருந்து பழகிய ஆட்கள்தானே நாங்கள். ரிவர் ஹில்ஸ் போல ஓர் அழகை நான் கண்டதில்லை, ஆனால் அங்கே றோட்டோரம் நடக்க நடைபாதை இல்லை, எனக்குக் கார் ஓடத் தெரியாது, நாள் முழுக்க மானோடு கதைத்துக்கொண்டிருக்கவும் தெரியாது. வைற்பிஷ் பேயில் கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம், அப்பா களைத்தால் குந்தியிருக்க வழியில் ஒரு மர வாங்கும் கண்டேன். அந்த வீட்டை எடுங்கள்.

குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு, இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதீர்கள். நீயும் மருமகனும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த அறைக்குள் சாமான் அடுக்காதே, அயன் பெட்டியை வேறு எங்காவது வை. அப்பாவின் கட்டில் குளியலறைப் பக்கம், என்னுடையது யன்னல் பக்கம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா மனோகரி